புதினாப் பாத்திக்கு வேண்டிய வெயில்

புதினாவைப் பற்றிக் குடியானவர்களும் வீட்டுத் தோட்டம் போடுவோரும் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. மார்கழியிலும் தையிலும் தழைத்துக் கிடந்த பாத்தி, சித்திரை பிறந்ததும் இலை சுருங்கி, ஓரம் கருகி, தண்டு சிவந்து, வைகாசிக்குள் வெறும் சருகாகி விடுகிறதென்பது ஒன்று. வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் வைத்த செடி சாகாமலிருந்தும், நூல்போல் நீண்டு, இலை சிறுத்து, துவையலுக்கு அரைத்தால் வாசனையே இல்லை என்பது மற்றொன்று. முதற்குறை வெயில் மிகுதியால் வருவது. இரண்டாவது வெயில் குறைவால் வருவது. ஆயினும் இரண்டிற்கும் மண்ணையும் எருவையும் குற்றஞ்சாட்டி, உரமும் மருந்தும் வாங்கிச் செலவிடுவதே வழக்கமாயிருக்கிறது. பாத்தி எந்த இடத்தில் இருக்கிறது, அங்கே எந்த மாதத்தில் எத்தனை நாழிகை வெயில் விழுகிறது என்று பார்ப்பவர் மிகச் சிலர்.

இது அற்ப விஷயமெனத் தள்ளிவிடத் தக்கதன்று. கிணற்றடியில் நாலைந்து பாத்தி வைத்து, வாரத்திற்கு இருமுறை கட்டுக்கட்டிப் பக்கத்துச் சந்தையில் விற்கும் சிறு குடும்பங்களுக்குப் புதினா கைச்செலவுக்குக் காசு தரும் பயிர். குளிர்காலத்தில் எல்லோரிடமும் புதினா இருக்கும்; விலை இராது. கத்திரி வெயிலில் பாத்திகள் அழிந்தபின் சந்தைக்கு வரத்துக் குறைந்து, கட்டின் விலை ஏறும். அப்பொழுது பசுமையான பாத்தி உடையவருக்கே லாபம். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. புதினாவை விதையிட்டு வளர்ப்பதில்லை. மண்ணையொட்டி ஓடும் தண்டுகளைக் கிள்ளி நட்டே பயிராக்குகிறோம். கோடையில் பாத்தி அடியோடு அழிந்தால், ஆடியில் நடுவதற்கு வேண்டிய தண்டும் அதனோடு போய்விடுகிறது. பிறகு விலை கொடுத்து வாங்க வேண்டும். அல்லது கடைக்கட்டில் மிஞ்சிய காம்பை நட்டு, அது பிழைக்குமா என்று காத்திருக்க வேண்டும்.

புதினாவுக்கு வெயில் எதற்காக வேண்டும் என்பதை முதலில் அறிதல் நலம். இலையிலுள்ள பச்சையம் வெளிச்சத்தைக் கொண்டே காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் சேர்த்துச் செடிக்கு வேண்டிய உணவை உண்டாக்குகிறது. புதினாவின் வாசனைக்குக் காரணமான எண்ணெய், இலையின் மேல், அதிலும் விசேஷமாய் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் சேர்ந்திருக்கிறது. உணவு மிகுந்தால்தான் செடி எண்ணெயை உண்டாக்க முடியும். ஆகையால் நிழலில் வளர்ந்த புதினா பச்சென்றிருந்தாலும் மணம் குன்றியிருப்பதில் வியப்பில்லை.

அவ்வாறாயின் நாள் முழுதும் வெயிலில் விட்டால் எண்ணெய் பெருகாதோ என்று கேட்கலாம். இங்கே இரண்டு வகைப் பயிர்களின் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவை வெயில் ஏற ஏற அதை உபயோகித்துக் கொள்ளும் ஜாதி. கீரைகளில் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை முதலியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இதனால்தான் ஒரே கிணற்றுப் பாய்ச்சலில், ஒரே எருவில், பக்கத்துப் பாத்தித் தண்டுக்கீரை பங்குனி வெயிலில் முழங்கால் உயரம் வளர, புதினா வாடிக் கிடக்கிறது. புதினாவோ நெல், கொத்துமல்லி, அவரை முதலியவற்றைப் போன்றது. இவ்வகை இலை ஒன்று உச்சிவெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான வெளிச்சத்திலேயே தன்னாலான வேலையைச் செய்து முடித்துவிடும். அதற்கு மேற்பட்ட வெளிச்சம் அதற்கு உணவாவதில்லை, உஷ்ணமாகவே சேருகிறது. அவ்வுஷ்ணத்தைத் தணிக்க இலை நீரை ஆவியாக்க வேண்டும். புதினாவின் வேர் மேல்மண்ணிலேயே பரவுவது. மேல்மண் காய்ந்தவுடன் நீர் வரத்து நிற்கிறது. இலை தன் துவாரங்களை மூடிக்கொள்கிறது. மூடியபின் உணவு உண்டாவதும் நின்றுவிடும். நடுப்பகலில் நல்ல வெயிலில் நிற்கும் புதினா உண்மையில் பட்டினி கிடக்கிறது.

காலை ஒன்பது மணி வெயிலும் பிற்பகல் மூன்று மணி வெயிலும் ஏறக்குறைய ஒரே உயரத்திலிருந்து வருகின்றன; வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் காலையில் மண் இரவின் குளிர்ச்சியோடும், காற்று ஈரத்தோடும், செடி இரவெல்லாம் நீர் நிரம்பியும் இருக்கின்றன. பிற்பகலிலோ மண்ணும் சுவரும் சூடேறி, காற்று வறண்டு, செடியும் பாதி நீரை இழந்திருக்கிறது. ஒரே அளவு வெளிச்சம் காலையில் உணவாகிறது, மாலையில் நோவாகிறது. ஆகவே புதினாவுக்கு வெயில் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்த வேளை வெயில் என்றும் கேட்க வேண்டும். சமவெளி ஜில்லாக்களில் கோடைக்கு ஏற்ற அளவு, காலை வெயில் நாலைந்து மணி நேரமும், பதினொன்று பன்னிரண்டு மணிக்கு மேல் வானவெளிச்சம் மட்டும் தரும் மெல்லிய நிழலும் ஆகும். கடற்கரையோர ஊர்களில் நடுப்பகலுக்குப் பின் கடற்காற்று வீசுவதால் பிற்பகல் வெயில் உள்நாட்டைப் போல் அத்தனை கொடிதன்று. அங்கே ஒரு மணி நேரம் கூடுதலாக விடலாம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பிரதேசங்களில் நாள் முழுதும் திறந்த வெயிலே தகும்.

தோட்டக்கலை நூல்களிலும் விதைப் பொட்டலங்களிலும் ‘முழு வெயில், ஆறு மணி நேரம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்ட விதி. லண்டன் நகரில் ஆண்டின் மிக உயர்ந்த வெயிலான ஜூன் மாத நடுப்பகல் வெயில், அடிவானத்திலிருந்து சுமார் 62 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சென்னையில் அதே உயரத்து நடுப்பகல் வெயில் பிப்ரவரி முதல் வாரத்தில், அதாவது தை மாதக் கடைசியிலேயே வந்துவிடுகிறது. அந்நாட்டின் நடுக்கோடை, வெயிலின் உயரத்தைப் பொறுத்தவரை, சென்னையின் தை மாதமே. அவ்விதியை அப்படியே சித்திரைக்குப் பொருத்தினால் பாத்தி தீயாமல் என்ன செய்யும்? தை மாதத்திற்கு வேண்டுமானால் பொருத்திக் கொள்ளலாம். மிகச் சரியாகவே இருக்கும்.

அந்நூல்களில் உள்ள இன்னொரு யோசனையும் தமிழ்நாட்டில் தலைகீழாகிவிடுகிறது. வீட்டின் வடபுறம் எப்பொழுதும் நிழல், தென்புறம் எப்பொழுதும் வெயில் என்று அவை கூறும். வடக்கே வெகுதூரத்திலுள்ள நாடுகளுக்கு அது சரி. ஆனால் தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டில் சில மாதங்கள் உச்சிக்கு வடக்கே சஞ்சரிக்கிறது. சென்னையில் ஏப்ரல் 25-ம் தேதியளவில் நடுப்பகலில் கம்பத்திற்கு நிழலே விழாது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்றிலிருந்து ஆகஸ்டு 18-ம் தேதியளவு வரை, சுமார் சித்திரை இரண்டாம் வாரம் முதல் ஆவணி பிறக்கும் வரை, சூரியன் நாள் முழுதும் வடபுறமாகவே சென்று மறைகிறது. மதுரையில் இது ஏப்ரல் 16 அளவில் தொடங்கி ஆகஸ்டு 27 அளவு வரையும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 11 அளவில் தொடங்கி செப்டம்பர் முதல் தேதியளவு வரையும் நீள்கிறது. இம்மாதங்களில் வடபுறச் சுவரில் காலையும் மாலையும் வெயில் விழும். தென்புறச் சுவரில் நேர் வெயில் விழாது. ஆகவே நிழலென்று நம்பி வடபுறத்தில் போட்ட புதினாப் பாத்தி, மார்கழியில் வெயிலே காணாமல் நோஞ்சானாகி, வைகாசியில் வெயிலைத் தவிர வேறெதையும் காணாமல் கருகுகிறது. ஒரே இடத்தில் இரண்டு குறைகளும் மாறி மாறி வருவதைக் கண்டு, மண்ணில் ஏதோ தோஷமென்று பாத்தியைக் கைவிட்டவர்களும் உண்டு.

இதைக் கணக்கோடு பார்த்தால் இன்னும் விளங்கும். மதுரையில் கிழக்கு மேற்காக ஓடும் எட்டடி உயரச் சுவரை எடுத்துக் கொள்வோம். மார்கழி முதல் வாரத்தில் நடுப்பகலில் அதன் நிழல் வடக்கே ஐந்தடிக்கு மேல் நீண்டிருக்கும். ஆனி முதல் வாரத்தில் அதே வேளையில் நிழல் தெற்கே சுமார் இரண்டடியே விழும். சுவர் இருபதடி மாடிச் சுவரானால் ஆனியில் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான நிழல் தெற்கே கிடைக்கும். ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களை நம்பிக் கோடைப் பாத்தி போடுவதானால், தென்புறத்தில், சுவரையொட்டி, குறுகலாகப் போட வேண்டும். மாரியிலும் பனியிலும் அதே பாத்தி தென்வெயிலைத் தாராளமாய்ப் பெறும். உயரமான சுவரின் தென்புறம், இவ்விதத்தில் பார்த்தால், ஆண்டு முழுவதற்கும் நல்ல இடமே. ஆயினும் கோடையில் அங்கே நேர் வெயில் அறவே இல்லாமற் போவதால், பாத்தியின் வெளியோரம் நிழலைத் தாண்டியிருக்கும்படி அமைத்தல் நலம்.

எல்லாவற்றினும் எளிதும் சிறந்ததும் கீழ்ப்புறமே. வீடு, மாட்டுத்தொழுவம், வைக்கோற்போர், வேலி ஆகிய எதுவாயினும் அதன் கிழக்கே பாத்தி இருந்தால், காலை வெயில் தடையின்றி விழும். உச்சி திரும்பியதும் நிழல் தானாகவே பாத்தியின்மேல் வந்து சேரும். இது எல்லா மாதத்திற்கும் பொருந்தும். மேல்புறம் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த காலை வெயிலைத் தடுத்து, காய்ந்த மாலை வெயிலை முழுதும் தருவதோடு, சுவர் வாங்கிய சூட்டை இரவு வரையில் செடியின்மேல் உமிழ்ந்து கொண்டிருக்கும். இடமில்லாதவர் வேறு வழியின்றி மேல்புறத்தில் போடுவதானால், பாத்திக்கு மேற்கே ஒரு வரிசை அகத்தியோ செம்பருத்தியோ நட்டுக்கொண்டு தொடங்குவது உத்தமம்.

பாத்திக்கு எத்தனை மணி வெயில் கிடைக்கிறதென்பதைக் கண்ணால் மதிப்பிடுதல் ஆகாது. கண் வெளிச்சத்திற்குத் தக்கவாறு தன்னை மாற்றிக் கொள்வதால் ஏமாற்றிவிடும். வெட்டவெளியில் நடுப்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் அளவுடையது. வெளிச்சமானதென்று தோன்றும் வீட்டு அறையிலோ சில நூறு லக்ஸே இருக்கும். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் கண்ணுக்குச் சற்றே மங்கலாக மட்டும் தெரிகிறது. செடிக்கு அவ்விதம் ஏமாறத் தெரியாது. சமையலறை ஜன்னலுக்கு உட்புறம் வைத்த புதினா ஒரு மாதத்தில் இளைத்துப் போவது இதனாலேயே.

அளவுக்குச் சுண்ணாம்புக் கோடே போதும். பாத்தியின் நடுவில் ஒரு குச்சியை நட்டு, காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரையில் மணிக்கொரு முறை, குச்சியின்மேல் வெயில் விழுகிறதா நிழல் விழுகிறதா என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் ஒப்படைத்தாலும் செய்துவிடுவார்கள். பாத்தியின்மேல் நிழல் வந்து தொடும் எல்லையைச் சுண்ணாம்பால் கோடிட்டு வைத்தால், எந்தப் பக்கம் எத்தனை அடி நகர்த்த வேண்டுமென்பதும் தெரிந்துவிடும். இப்பரீட்சையைத் தையில் ஒருமுறையும் சித்திரைக் கடைசியில் ஒருமுறையும் செய்தல் அவசியம். ஒரு பருவத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்தால், மேலே சொன்ன வடபுறப் பாத்தியின் கதியே நேரும்.

மரநிழலாயின் மணிக்கணக்கு போதாது. நிழலின் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். நடுப்பகலில் பாத்திக்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடித்தால், விரல்களின் நிழல் ஓரம் தெளிவாகக் கருத்து விழுந்தால் அது முழு வெயில். விரல்கள் இன்னவையென்று தெரிந்தும் ஓரம் மங்கியிருந்தால் அது மெல்லிய நிழல். கோடைப் புதினாவுக்கு அதுவே வேண்டும். கையின் உருவமே தரையில் தெரியாவிடில் அது அடர்நிழல்; அங்கே புதினா வைப்பது வீண். முருங்கையும் அகத்தியும் சிறு இலைகளின் வழியே வெயிலைச் சல்லடைபோல் சலித்து விடுவதால் அவற்றின் நிழல் ஏற்றது. மா, பலா, புளி ஆகியவற்றின் அடியில் நிழல் அடர்த்தி. அதோடு புளியின் வேரும் மாவின் வேரும் மேல்மண் ஈரத்தைப் புதினாவுக்கு விட்டுவைக்கா. தென்னந்தோப்பில் போட விரும்புவோர் மரங்களின் வயதைப் பார்க்க வேண்டும். நட்ட முதல் ஏழெட்டு ஆண்டுகள் தரையில் வெயில் தாராளம். பிறகு இருபத்தைந்து வயது வரை மட்டைகள் நெருங்கி, தரைக்கு வரும் வெளிச்சம் மிகக் குறைந்துவிடும். அதற்குமேல் மரம் உயர்ந்து, வெயில் சாய்வாக உள்ளே புகும். இளந்தோப்பிலும் முதிர்ந்த தோப்பிலும் புதினா நன்றாகவே வரும். நடுவயதுத் தோப்பில் வராது.

இப்படி நிழலை அளந்து கொடுப்பது தமிழ்நாட்டுக் குடியானவருக்குப் புதிய வித்தையன்று. வெற்றிலைக் கொடிக்கால் வைப்பவர்கள் கொடியை நடுவதற்கு முன்பே அகத்தியை விதைத்து, அது எழும்பியபின் அதன் அடியில் கொடியை நட்டு, வெயில் கடுமையான மாதங்களில் அகத்தியைத் தழையவிட்டும், மழைமூட்டம் வரும்போது கிளையைக் கழித்து வெளிச்சத்தை உள்ளே விட்டும் பாதுகாத்து வருகிறார்கள். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகிறது. அந்த அறிவில் பாதியைப் புதினாவுக்குச் செலவிட்டால் போதும். பாத்திகளுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இரண்டு மூன்றடிக்கு ஒன்றாக அகத்தி வளர்த்து, ஐப்பசியில் அடைமழை தொடங்குமுன் கழித்துவிட வேண்டும். இதை மறந்து மழைக்காலத்திலும் அகத்தியை அடர விட்டால் வேறோர் ஆபத்து வருகிறது. மூட்டமான நாட்களில் நிழலும் சேர்ந்து, இலை நாள் முழுதும் ஈரமாகவே இருக்கும். அப்பொழுது இலையின் அடிப்புறத்தில் துருப்பிடித்தாற்போல் பழுப்புநிறப் பொட்டுகள் தோன்றி, இலை உதிரும். இது புதினாத் துருநோய். வெயிலும் காற்றும் படும் பாத்தியில் இது அவ்வளவு பரவுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புதினாவின்மேல் எந்த நிழலும் இருத்தல் கூடாதென்பது இதனாலேயே.

மரம் வளர்க்கக் காலமில்லாதவர் பந்தல் போடலாம். முன்னாளில் முடைந்த தென்னங்கீற்றையே உபயோகித்தனர். இன்றும் கிராமங்களில் அதுவே மலிவு. ஆனால் கீற்றை நெருக்கிப் பரப்பினால் கீழே இருட்டாகிவிடும். ஒரு கீற்றுக்கும் மறு கீற்றுக்கும் நடுவே ஒரு கீற்றின் அகலமளவு இடைவெளி விட்டு, கீற்றுகளை வடக்குத் தெற்காக வைத்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர நகர, வெயிற்கோடும் நிழற்கோடும் பாத்தியின் குறுக்கே நகர்ந்து, எந்தச் செடியும் நெடுநேரம் வெயிலில் நில்லாது. கிழக்கு மேற்காகக் கட்டினால் ஒரே வரிசை நாள் முழுதும் கருகும், அடுத்த வரிசை நாள் முழுதும் இருளும். பந்தல் போட்டும் பாதிப் பாத்தி பாழாவதைக் காணலாம்.

கடைகளில் இக்காலத்தில் பச்சை நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் நிழல்வலை விற்கிறார்கள். அதில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று குறித்திருப்பது வலை தடுக்கும் வெளிச்சத்தின் அளவு. புதினாவுக்கு 50 சதவீத வலையே போதுமானது. அதிகமானால் அதிக நன்மை என்றெண்ணி 75 வாங்கியவர்கள், மூன்று வாரத்தில் செடி நெடிதாய் எழுந்து சாய்வதைக் கண்டு வருந்துகிறார்கள். வலையை ஆறேழடி உயரத்தில் கட்ட வேண்டும். தாழக் கட்டினால் அனல் கீழே தங்கும். கிழக்குப் பக்கத்தைத் திறந்து விட்டு, மேற்குப் பக்கத்தில் மட்டும் இடுப்பளவு வரை தொங்கவிடுவது முறை. பங்குனி நடுவில் கட்டி, ஆடிக்காற்றுக்கு முன் கழற்றிச் சுருட்டி வைத்தால், ஒரு வலை பல வருஷங்களுக்கு வரும். ஆண்டு முழுதும் வலையைக் கட்டியே வைப்பது, மழைக்காலப் புதினாவை வேண்டுமென்றே நோயாளியாக்குவதாகும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது பாத்திக்குள்ளேயே உண்டாகும் நிழலையும் மறத்தலாகாது. நன்றாக வளர்ந்த புதினா ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, மேலிலை கீழிலைக்கு வெளிச்சத்தை மறைக்கிறது. வெளிச்சமற்ற கீழிலை மஞ்சளாகி உதிரும். இதை நோயென்று நினைத்து மருந்து தெளிப்போர் பலர். இதற்கு அரிவாளே மருந்து. நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில், கீழிலை பழுக்கத் தொடங்குமுன், தரையிலிருந்து இரண்டு மூன்றங்குலம் விட்டு அறுத்துவிட வேண்டும். விற்பனைக்காக மேல் நுனியை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுப்பதும் உண்டு. அதனால் செடி பக்கக்கிளை விட்டு மேலே மேலே அடர்ந்து, அடி வெறுமையாகும். எப்பொழுதாவது ஒருமுறை முழுதும் அறுத்தே தீர வேண்டும். ஆனால் கோடையில் அறுத்த பாத்தி திடீரென்று வெயிலுக்குத் திறந்து விடப்படுவதால், அடித்தண்டு வெந்து போகும். அறுத்த அன்று மாலையே தண்ணீர் பாய்ச்சி, மக்கிய தொழுவுரத்தை ஓரங்குலம் தூவி, ஒரு வாரம் வரையில் சருகோ கரும்புத் தோகையோ மெல்லியதாக மூடி, துளிர் தலைகாட்டியதும் விலக்கிவிட வேண்டும்.

வாடல் எல்லாம் வெயிலால் வருவதன்று. நடுப்பகலில் தலைசாய்ந்த புதினா, பொழுது சாயும்போது தானே நிமிர்ந்தால் அது வெயில் மிகுதியின் அடையாளம். நிழல் தந்தால் தீரும். அதிகாலையிலும் வாடியே இருந்தால் மண்ணில் ஈரமில்லை, அல்லது ஈரம் மிகுந்து வேர் அழுகிவிட்டதென்று பொருள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தால் எதுவென்று தெரியும். இலை தடித்து, சிறுத்து, ஓரம் கருகி, தண்டு செந்நிறமானால் வெயிலைக் குறைக்க வேண்டும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு வெளுத்து, வெளிச்சம் வரும் திசைக்கே செடி முழுதும் சாய்ந்தால் வெயிலைக் கூட்ட வேண்டும். மணத்தைச் சோதிக்க, ஒரே நாளில் வெயில்பக்கத்து இலை ஒன்றையும் நிழல்பக்கத்து இலை ஒன்றையும் கசக்கி முகர்ந்து பார்ப்பதே போதும்.

மொட்டைமாடியிலும் மாடி முகப்பிலும் தொட்டி வைப்போர் இந்நாளில் மிகுதி. அவர்களுக்கும் மேற்கூறியவை பொருந்தும். கீழ்த்திசை முகப்பே முதல் தரம். வடதிசை முகப்பில் சித்திரை முதல் ஆடி வரை வெயில் வரும், மற்ற மாதங்களில் போதாது. தென்திசை முகப்பு அதற்கு எதிர். ஒரே தொட்டியைப் பருவத்திற்கேற்ப இடம் மாற்றிக் கொள்வது பாத்திக்காரருக்கு இல்லாத சௌகரியம். அதை உபயோகித்துக் கொள்ளாதது தவறு. மொட்டைமாடியில் தளம் சுடுவதால், இலைக்கு வெயில் அளவாயிருந்தும் வேர் வெந்து போகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பையாயின் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியைச் செங்கல்லின்மேல் ஏற்றி, அகன்ற மண்தொட்டியாய்த் தெரிந்து, பல தொட்டிகளை நெருக்கி வைத்து, மேற்கு வரிசையில் கற்றாழை போன்ற வெயில் தாங்கும் செடிகளை நிறுத்தினால் புதினா பிழைக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி முதலான ஜில்லாக்களில் எண்ணெய்க்காகப் பயிரிடும் புதினா, நிழலே இல்லாத வெட்டவெளியில் வளர்கிறதே என்று வினவுவோர் உண்டு. அது உண்மையே. அங்கே ஜனவரி, பிப்ரவரியில் நட்டு, மே முதல் அறுத்து எண்ணெய் வடிக்கிறார்கள். மேகமற்ற நல்ல வெயில் நாளிலேயே அறுக்கவும் வேண்டும், மூட்டத்தில் அறுத்தால் எண்ணெய் குறையும். அது வேறு ஜாதி. அடிக்கடி நீர் பாய்ச்சும் வயற்பயிர். இலை முரடானால் அவர்களுக்குக் கவலையில்லை. கறிக்கும் துவையலுக்கும் விற்கும் புதினாவிலோ இலை மெல்லியதாயும் மணமுள்ளதாயும் இருக்க வேண்டும். முழு வெயிலில் மணம் உண்டு, மென்மை இல்லை; அடர்நிழலில் மென்மை உண்டு, மணமில்லை. காலை வெயிலில் இரண்டும் கிடைக்கின்றன.

நிழலிலிருந்த தொட்டியையோ நாற்றையோ வெயிலுக்கு மாற்றுகையில் அவசரம் கூடாது. நிழலில் தோன்றிய இலை மெல்லியது. வெயிலில் ஒரே நாளில் வெளுத்து உதிர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் காலை ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பத்து நாட்களில் பழக்க வேண்டும். கோடைப் பாத்தியின்மேல் கட்டிய பந்தலைப் பிரிப்பதும் இவ்வாறே: மூட்டமான ஒரு நாளில் தொடங்கி, கீற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக உருவி, ஒரு வாரம் கழித்து மிஞ்சியதை எடுக்கலாம். அப்படிக் காத்த பாத்தியிலிருந்து ஆடியில் வேர்விட்ட தண்டுகளை நாலைந்தங்குல நீளத்தில் எடுத்து, மாலை வேளையில் நட்டு, வேர் பிடிக்கும் வரை முதல் வாரம் கீற்று மறைப்பு வைத்து வந்தால், புரட்டாசிக்குள் முதல் அறுப்பு கைக்கு வரும்.